பரணில் கிடக்கும் பிஎஸ்2: பிள்ளைகளுக்காக மாற்றினால் எந்த வழி சரி?

கோடை விடுமுறை வந்தால் போதும், பல வீடுகளில் பரணிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி கீழே இறங்கும். உள்ளே கறுப்பு நிறத்தில் ஒரு பிளேஸ்டேஷன் 2. அப்பாவோ சித்தப்பாவோ கல்லூரி நாளில் வாங்கியது. தூசி தட்டி ஒயரை மாட்டினால் டிவியில் படமும் வந்துவிடுகிறது. டிஸ்க்கைப் போட்டால்தான் சிக்கல். உள்ளே கறகறவென்று சத்தம், பிறகு சிவப்புத் திரை. "என்னப்பா, ஓடவே மாட்டேங்குது?" என்று கேட்டுவிட்டுப் பிள்ளை செல்போனுக்கே திரும்பிவிடுகிறது.

சென்னை ரிச்சி தெரு மாதிரியான இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால் பதில் தயாராக இருக்கும். "சிப் போட்டுடலாம் சார், எல்லா கேமும் ஓடும்" என்பார் ஒருவர். "ஹார்ட் டிஸ்க் வெச்சுக்கங்க, முந்நூறு கேம் ஏத்தித் தர்றோம்" என்பார் இன்னொருவர். யூடியூபைத் திறந்தால் மூன்றாவது பதில்: "ஒரு மெமரி கார்டு போதும், மெஷினைத் திறக்கவே வேண்டாம்."

மூன்றுமே வேலை செய்யும் வழிகள்தான். ஆனால், விளையாடப் போவது எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை என்றால் 'எதில் அதிக கேம் ஓடும்?' என்ற கடைக்காரரின் கேள்வி உதவாது. பெற்றோர் கேட்க வேண்டியவை வேறு மூன்று. செய்த மாற்றத்தைத் திரும்ப எடுக்க முடியுமா? கெட்டுப்போனால் வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா? என்னென்ன கேம் இருக்கும் என்பதை முடிவு செய்வது யார்? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் தருவது மெமரி கார்டு வழி மட்டும்தான். கூடவே ஒரு சின்ன எஸ்டி கார்டு. ஏன் என்று பார்ப்போம்.

எதற்காக மாற்ற வேண்டும்?

பிஎஸ்2 ஜப்பானில் 2000 மார்ச் 4 அன்று விற்பனைக்கு வந்தது. 2004-இல் ஒல்லியான ஸ்லிம் மாடல் வந்தது. தயாரிப்பு நின்றது 2013 தொடக்கத்தில். உலகம் முழுக்க 16 கோடி விற்றதாக சோனியே சொல்கிறது. வீட்டில் வைத்து விளையாடும் கேம் கன்சோல்களில் இதைவிட அதிகம் விற்றது எதுவும் இல்லை.

இவ்வளவு விற்ற மெஷினுக்கும் வயதாகிறது. முதலில் தளர்வது டிஸ்க்கைப் படிக்கும் லேசர். அடுத்து டிஸ்க்குகள். பிள்ளைகள் டிஸ்க்கை எப்படிக் கையாளுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஒரே வாரத்தில் கீறல் விழுந்துவிடும். போனால் வேறு வாங்கலாமே என்றால் கடையில் கிடைக்காது. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 2010-க்கு முன் அந்நாட்டில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று முறையான விற்பனையிலேயே இல்லை என்கிறது. செகண்ட் ஹேண்டில் தேடுவதுதான் வழி.

ஆகவே பிள்ளைகள் உள்ள வீட்டில் மாற்றியமைப்பதற்கு நியாயமான காரணம் ஒன்றுதான்: இருக்கும் டிஸ்க்குகளைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, அவற்றின் நகலிலிருந்து விளையாட வைப்பது. லேசருக்கும் ஓய்வு, டிஸ்க்குக்கும் ஆயுள்.

இதிலும் ஒரு முன்யோசனை வேண்டும். சில நேரம் லேசரின் லென்ஸில் தூசி படிந்திருப்பது மட்டுமே பிரச்சினையாக இருக்கும். ஸ்லிம் மாடலில் மூடியைத் திறந்தாலே லென்ஸ் கண்ணுக்குத் தெரியும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைத்துப் பார்க்கலாம். அதிலேயே ஓடிவிட்டால், டிஸ்க்குகளும் நன்றாக இருந்தால், மாற்றமே வேண்டாம்.

சிப்: ஒருமுறை போட்டால் போட்டதுதான்

மாட்சிப் என்பது மெஷினின் போர்டில் சால்டர் வைத்துப் பொருத்தும் சிறிய சில்லு. அசல் டிஸ்க்கா, நகலா என்று பிஎஸ்2 சோதிக்கும் இடத்தில் இது குறுக்கே புகுந்து 'அசல்தான்' என்று சொல்லிவிடும். 2000-களில் தமிழ்நாட்டில் பலர் வாங்கிய பிஎஸ்2-வில் கடையிலேயே சிப் போட்டுத்தான் கொடுத்தார்கள். அதனால்தான் இன்றும் பலருக்கு பிஎஸ்2 என்றதும் 'சிப்' ஞாபகம் வருகிறது.

அந்தக் காலத்துக்கு அது பொருந்தியது. லேசர் புதிது, எழுதிய டிவிடியும் எளிதாகக் கிடைத்தது. இன்று நிலைமை தலைகீழ். சிப் போட்ட பிறகும் கேம் ஓட வேண்டியது டிஸ்க்கிலிருந்துதான், அதாவது ஏற்கெனவே தளர்ந்துபோன அதே லேசர் வழியாகத்தான். அதிலும் வீட்டில் எழுதிய டிவிடியைப் படிக்க, அச்சிட்ட அசல் டிஸ்க்கைவிட லேசர் அதிகம் திணறும். எந்த நோய்க்காக மருத்துவரிடம் போனோமோ, அந்த நோயை இந்த மருந்து தொடவே இல்லை.

வேலையும் சாதாரணமானதல்ல. பல சிப்களுக்கு 20-ஐ ஒட்டிய எண்ணிக்கையில் மெல்லிய கம்பிகளைப் போர்டில் சால்டர் செய்ய வேண்டும். ஒன்று தவறினால் மெஷினே போய்விடலாம். இந்த வேலையில் கை தேர்ந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒரு வருடம் கழித்து கம்பி ஒன்று விட்டுப்போனால் யாரிடம் போவது?

சிப்புக்கும் நியாயம் உண்டு. ஜப்பான், அமெரிக்கா என்று பல நாட்டு அசல் டிஸ்க்குகளைச் சேர்த்து வைத்திருப்பவருக்கு, நாட்டுக்கு நாடு மாறும் பூட்டை உடைக்க அது நல்ல வழி. சேகரிப்பாளருக்குச் சரி. நாலாம் வகுப்புப் பிள்ளைக்குத் தேவையில்லை.

ஹார்ட் டிஸ்க்: வேகம் உண்டு, ஆனால்...

2004-க்கு முந்தைய பருமனான மாடல்களில் பெரும்பாலானவற்றின் பின்பக்கம் ஒரு காலி அறை இருக்கும். நெட்வொர்க் அடாப்டர் என்ற பாகத்தை மாட்டி, அதனோடு ஹார்ட் டிஸ்க்கைச் சேர்த்து அந்த அறையில் வைக்கலாம். வேகத்தில் இதை மிஞ்ச வேறு வழி இல்லை. வீடியோ தடுமாறாது, கேம் சீக்கிரம் திறக்கும். பருமனான மாடலும் அடாப்டரும் ஏற்கெனவே கையில் இருந்தால் இது அருமையான ஏற்பாடு.

தமிழ்நாட்டு வீடுகளில் அதிகம் பார்க்க முடிவது ஸ்லிம். அதில் அந்த அறையே கிடையாது. "ஸ்லிம்முக்கும் ஹார்ட் டிஸ்க் போட்டுத் தர்றோம்" என்று கடையில் சொன்னால், பெரும்பாலும் அது முன்பக்க யூஎஸ்பியில் செருகும் டிஸ்க். பிஎஸ்2-வில் இருப்பது பழைய யூஎஸ்பி 1.1. அதன் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிட், அதாவது கணக்குப்படியே 1.5 மெகாபைட்தான். பிஎஸ்2-வின் டிவிடி டிரைவோ நொடிக்கு 5 மெகாபைட்டுக்கு மேல் தரக்கூடியது. அந்த வேகத்தை நம்பி உருவாக்கிய கேம்களை யூஎஸ்பியில் ஓட்டினால் இடையில் வரும் வீடியோக்கள் திக்கித் திக்கி வரும். டிஸ்க் 500 ஜிபியா, 1 டிபியா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. குழாய் சின்னது, தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன?

இதைவிடப் பெரிய கேள்வி, அந்த முந்நூறு கேம்களில் என்ன இருக்கிறது என்பது. அதைப் பிறகு பார்ப்போம்.

மெமரி கார்டு: பிடுங்கினால் பழைய மெஷின்

மூன்றாவது வழிக்குப் பெயர் ஃப்ரீ மெக்பூட். 8 எம்பி மெமரி கார்டில் பதிந்து வைக்கும் ஒரு சிறு மென்பொருள் இது. மெமரி கார்டிலிருந்து தன் மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்ள பிஎஸ்2-வில் சோனியே வைத்திருந்த வாசல் வழியாகத்தான் இது உள்ளே நுழைகிறது. கார்டை முதல் ஸ்லாட்டில் செருகி மெஷினை ஆன் செய்தால் புதிய மெனு வரும். அதிலிருந்து ஓபன் பிஎஸ்2 லோடர் என்ற இன்னொரு மென்பொருளைத் திறந்தால் கேம் பட்டியல் வரும். அவ்வளவுதான்.

முக்கியமான விஷயம், மெஷினுக்குள் எதுவும் மாறவில்லை. கார்டைப் பிடுங்கிவிட்டு ஆன் செய்தால், வாங்கிய அன்று இருந்த அதே பிஎஸ்2. கார்டு கெட்டால் வேறு கார்டு. சால்டரும் வேண்டாம், ஸ்க்ரூ டிரைவரும் வேண்டாம்.

கேம் நகல்களை எதில் வைப்பது என்பதில் மூன்று தேர்வுகள் உண்டு. முதலாவது, மேலே சொன்ன யூஎஸ்பி, மெதுவானது. இரண்டாவது, ஸ்லிம்மில் உள்ள நெட்வொர்க் போர்ட் வழியாக வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து ஓட்டுவது. வேகம் நன்றாக இருக்கும். ஆனால், பிள்ளை விளையாடும்போதெல்லாம் கம்ப்யூட்டர் ஓட வேண்டும். அதில் எஸ்எம்பி1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையையும் திறந்து வைக்க வேண்டியிருக்கும். 2017-இல் உலகை உலுக்கிய வானாக்ரை வைரஸ் பரவியது அந்த முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். குழந்தையின் விளையாட்டுக்காகக் குடும்பத்தின் கம்ப்யூட்டரைத் திறந்து போடுவது கெட்டிக்காரத்தனமல்ல.

மூன்றாவது, எம்எக்ஸ்4எஸ்ஐஓ என்ற அடாப்டர். பெயர்தான் வாயில் நுழையாது, பொருள் எளிமையானது. மெமரி கார்டு வடிவத்தில் இருக்கும், உள்ளே எஸ்டி கார்டு. இரண்டாவது ஸ்லாட்டில் செருக வேண்டும். யூஎஸ்பியைவிடக் கொஞ்சம் வேகம் கிடைக்கும். ஹார்ட் டிஸ்க்குக்கு ஈடாகாது. சில கேம்களில் வீடியோ அங்கங்கே திக்கும், சில கேம்கள் ஓடாமலும் போகலாம். ஓபன் பிஎஸ்2 லோடரில் எல்லா கேமும் ஓடும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். பத்துக்கு ஒன்று இரண்டு ஓடாவிட்டாலும் பிள்ளைக்கு மீதி போதும்.

மாடல் எண்ணைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்

மெஷினின் லேபிளில் எஸ்சிபிஎச் என்று தொடங்கும் எண் இருக்கும். அது 90000 வரிசை என்றால் கவனம். 2008 இறுதிக்குப் பிறகு தயாரான 90000 வரிசை மெஷின்களில் சோனி அந்த வாசலை மூடிவிட்டது. ஃப்ரீ மெக்பூட் ஓடாது. அவற்றுக்கு ஓபன்ட்யூனா போன்ற மாற்று மென்பொருள் பதிந்த மெமரி கார்டு தேவை. ஒவ்வொரு முறையும் மெமரி கார்டு பக்கத்தைத் திறந்து பார்த்தால்தான் அது ஓடும். ஓரிரு அழுத்தல்கள் கூடுதல். பிள்ளைகள் ஒரே நாளில் கற்றுக்கொள்வார்கள்.

வீட்டிலேயே கார்டைத் தயார் செய்யவும் வழி உண்டு. 2020-இல் வெளியான ஃப்ரீ டிவிடி பூட் என்ற முறையில், ஒரு டிவிடியை எழுதிப் போட்டால் பிஎஸ்2-வின் டிவிடி பிளேயரில் உள்ள குறை வழியாக மென்பொருளைத் திறக்கலாம். லேசர் ஒருமுறையாவது டிவிடியைப் படிக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. முழுக்கச் செத்துப்போன லேசர் என்றால், மென்பொருள் பதிந்த கார்டாகவே வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பட்டியல் யார் கையில்?

இதுவரை பேசியது தொழில்நுட்பம். பெற்றோர் தூக்கத்தைக் கெடுக்க வேண்டிய விஷயம் இனிமேல்தான்.

அசல் டிஸ்க்கின் உறையில் ஒரு சின்னக் கட்டத்தில் வயது எண் இருக்கும். ஐரோப்பிய பிஇஜிஐ முறை என்றால் 3, 7, 12, 16, 18. அமெரிக்க இஎஸ்ஆர்பி முறை என்றால் எழுத்து. 'எம்' என்று இருந்தால் 17 வயதுக்கு மேல். கேம் பற்றி ஒன்றுமே தெரியாத பாட்டிகூட அந்த எண்ணைப் பார்த்து, "இது உனக்கு வேணாம் கண்ணு" என்று சொல்லிவிடலாம். டிஸ்க்கை நகலாக மாற்றி ஏற்றியதும் அந்த உறை காணாமல் போகிறது. திரையில் மிஞ்சுவது வெறும் பெயர்ப் பட்டியல்.

கடையில் ஏற்றித் தரும் முந்நூறு கேம் பட்டியலில் குழந்தைகளுக்கான லெகோ ஸ்டார் வார்ஸுக்கு இரண்டு வரி தள்ளி ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் இருக்கும். காட் ஆஃப் வார் இருக்கும். இரண்டுமே பிஇஜிஐ முறையில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானவை. பெயரை வைத்து ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. இன்றைய கன்சோல்களில் வயதை வைத்து கேம்களைப் பூட்டும் வசதி உண்டு. பிஎஸ்2-வில் டிவிடி படங்களுக்கு மட்டும்தான் பூட்டு, கேம்களுக்குக் கிடையாது. பூட்டுக்குப் பதிலாக இருந்தது அந்த உறை மட்டுமே. அதையும் தூக்கிப் போட்டுவிட்டால் காவலுக்கு யாரும் இல்லை.

இங்கேதான் சின்ன எஸ்டி கார்டின் அருமை தெரிகிறது. 32 ஜிபி கார்டு ஒன்று போதும். ஒற்றை அடுக்கு டிவிடி ஒன்றின் கொள்ளளவு 4.7 ஜிபி, பல கேம்கள் அதற்கும் கீழே. சுமார் பத்து கேம் வைக்கலாம். பத்து என்பது குறை போலத் தெரியும். உண்மையில் அதுதான் பாதுகாப்பு. பத்தையும் பெற்றோர் ஒவ்வொன்றாகப் பார்த்து, வயது எண்ணைத் தேடி, ஏற்றியிருப்பார்கள். ஜாக் அண்ட் டாக்ஸ்டர், கிரான் டுரிஸ்மோ 4 என்று தொடங்கலாம். கபடி, கில்லி, பட்டம் எல்லாம் வரும் தேசி அட்டா என்ற கேமை ஹைதராபாத் நிறுவனம் ஒன்று பிஎஸ்2-வுக்கு உருவாக்கியது. டிஸ்க் கிடைத்தால் விடக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. முந்நூறு கேம் கையில் இருக்கும் பிள்ளை எதையும் முழுதாக விளையாடாது. ஐந்து நிமிடம் இது, மூன்று நிமிடம் அது. ரீல்ஸ் தள்ளுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. செல்போனிலிருந்து மீட்கத்தானே பிஎஸ்2-வைக் கீழே இறக்கியது?

சட்டம் என்ன சொல்கிறது?

பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 52-ஆவது பிரிவு, ஒரு கம்ப்யூட்டர் மென்பொருளின் பிரதியைச் சட்டப்படி வைத்திருப்பவர், அது தொலைந்தோ கெட்டோ போகாமல் இருக்கத் தற்காலிகப் பாதுகாப்பாக நகல் எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. அதே சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் என்கிறது. அங்கே எடை போடப்படுவது நோக்கம்.

சொந்த டிஸ்க்கைக் காப்பாற்ற நகல் எடுப்பதும், காசு வாங்கிக்கொண்டு முந்நூறு கேம் ஏற்றித் தருவதும் ஒரே தராசில் நிற்காது. "இப்போ யாரும் விக்கறதே இல்லையே" என்பதால் பதிப்புரிமை காலாவதியாகிவிடாது. விற்பனையை நிறுத்திய நிறுவனங்கள் மீது கோபம் வருவது நியாயம்தான். அந்தக் கோபம் கடைக்காரரின் வியாபாரத்துக்கு லைசென்ஸ் ஆகாது.

'இதெல்லாம் எதுக்கு, எமுலேட்டர் இருக்கே?'

இருக்கிறது. நல்ல கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டரில் பிஎஸ்2 கேம்களை இன்னும் தெளிவான படத்தோடு ஓட்டலாம். ஆனால், அந்தக் கம்ப்யூட்டரில் இணையமும் இருக்கும். அப்படி ஒட்டிக்கொண்டு வர இணையம் எதுவும் இல்லாதது பிஎஸ்2-வின் பெரிய பலம். விளம்பரம் இல்லை, முகம் தெரியாதவரின் சாட் இல்லை, 'காயின் வாங்கு' என்ற நச்சரிப்பு இல்லை. இரண்டு கண்ட்ரோலர், ஒரே சோஃபா, அண்ணன் தங்கை சண்டை. இதை இழந்துவிட்டுப் படத் தெளிவை வாங்குவது லாபமான பேரமல்ல.

செலவு எங்கே செய்வது?

சிப்புக்கும் பெரிய ஹார்ட் டிஸ்க்குக்கும் போகும் பணத்தில் நல்ல கண்ட்ரோலர் ஒன்று வாங்கலாம். பழைய கண்ட்ரோலரின் பட்டன் சரியாக அமுங்காவிட்டால் பிள்ளை பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடும். கண்ட்ரோலர் ஒயர் காலில் சிக்கினால் மெஷினே மேஜையிலிருந்து விழும். ஆகவே அதைத் தாழ்வான இடத்தில் வைப்பது நல்லது. கேம் சேமிப்புகளை அவ்வப்போது பென் டிரைவில் நகலெடுத்து வைக்க வேண்டும். இரண்டு மாதம் விளையாடிச் சேர்த்தது ஒரு கார்டோடு போனால், அந்த அழுகையைச் சமாளிக்க முடியாது.

மெஷினைத் திறக்கவே நேர்ந்தால் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. பருமனான மாடல்களிலும் 90000 வரிசையிலும் பவர் சப்ளை உள்ளேயே இருக்கிறது. உள்ளே கடிகாரத்துக்காக ஒரு நாணய வடிவ பேட்டரியும் உண்டு. அதைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கழற்றினால் உடனே அப்புறப்படுத்திவிட வேண்டும்.

மாற்றியமைப்பது தவறில்லை. 20 வயதான மெஷினை குப்பைக்கு அனுப்பாமல் அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது நல்ல காரியம். ஆனால், கடையில் கொடுத்துவிட்டு மாலையில் வாங்கிக்கொள்ளும் வேலையாக இதை நினைக்கக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, வீட்டில் இருக்கும் டிஸ்க்குகளைப் பரப்பி, எந்தப் பத்து என்று பிள்ளையோடு சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். மெமரி கார்டைச் செருக ஒரு நிமிடம் போதும். நேரம் ஒதுக்க வேண்டியது அந்தப் பத்தைத் தேர்ந்தெடுக்கத்தான்.